நிச்சயத்தின் விலை யார் தலையில்?

சென்னையில் வேறு வழியே இல்லாமல் செயலியில் வண்டி பிடிக்கிறவர்கள் குறைவு. மாநகரப் பேருந்து ஓடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. மின்சார ரயில் இருக்கிறது, 2015 முதல் மெட்ரோ இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது. இவற்றைவிடப் பல மடங்கு செலவு வைக்கும் ஓலாவையும் ஊபரையும் ஏன் நாடுகிறார்கள் என்றால், சோம்பல், பகட்டு என்று ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. காலையில் படிக்கட்டில் தொங்கியபடி வேலைக்குப் போகிறவர்தான், இரவில் நெஞ்சுவலி என்று சொல்லும் தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் செயலியைத் திறக்கிறார். பொழுது சாய்ந்ததும் ஒருவருக்குப் பகட்டு முளைத்துவிடுவதில்லை.

அவர் காசு கொடுத்து வாங்குவது நிச்சயத்தை. 2013இல் அரசு ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. எரிபொருள் விலை ஏறியபோதும் அது ஆண்டுக்கணக்கில் திருத்தப்படவில்லை. மீட்டர் பெயருக்கு நின்றது, பேரம் திரும்பி வந்தது. பேரத்தில் வெல்வது அவசரமில்லாதவர்தான். கைக்குழந்தையோடு நிற்பவள், ஊருக்குப் புதியவர், மழையில் நனைகிறவர் ஆகியோரின் தேவை முகத்திலேயே தெரியும். அந்த முகத்தைப் பார்த்துத் தொகை ஏறும். செயலி முகம் பார்க்காமல் தொகை சொல்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. உடையையும் பேச்சையும் வைத்துத் தன்னை எடைபோடும் ஊரில் வாழ்ந்து பழகியவருக்கு இது சௌகரியத்துக்கும் மேலே, மானத்தைச் சேர்ந்த விஷயம்.

ஆனால் பயணியிடமிருந்து நீங்கிய அநிச்சயம் எங்கும் மறைந்துவிடவில்லை. ஓட்டுநரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த சவாரி எப்போது வரும், எந்த மூலைக்குப் போகும், திரும்பும்போது வண்டி காலியாக வருமா, மாதத் தவணைக்குத் தேறுமா என்பது அவருக்குத் தெரியாது. புக்கிங் விழுந்ததும் அவர் போன் செய்து, “எங்க சார் போகணும், கேஷா ஆன்லைனா?” என்று கேட்கும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய அதே நிச்சயத்தைத்தான் அவரும் கேட்கிறார். விருப்பப்பட்டுத்தானே வந்தார், பிடிக்காவிட்டால் விலகலாமே என்பது வலுவான ஆட்சேபம். வண்டிக் கடன் கழுத்தில் இருப்பவரின் விருப்பத்தை அவ்வளவு எளிதாக அளந்துவிட முடியாது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021இல், ஊபர் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்வோராகக் கருத மறுத்து, தொழிலாளருக்குரிய உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்றது. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நிறுவனமே வகுக்கிறது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாணிகத்தின் அறத்தைச் சொல்லும் குறளை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வாழ்க்கையே அநிச்சயம், அதை ஏற்றுக்கொள்வதுதான் ஞானம் என்று நம் சமயங்கள் பலவும் போதிக்கின்றன; அப்படியிருக்க ஓட்டுநரின் நிலையில் என்ன அநியாயம் என்று ஒருவர் கேட்கலாம். பௌத்தம் சொல்லும் நிலையாமையும் வைணவம் சொல்லும் சரணாகதியும் ஒருவர் தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியவை. தனக்கு நிச்சயத்தை வாங்கிக்கொண்டு, அடுத்தவர் வயிற்றுக்கு நிலையாமையைப் போதிப்பது எந்தச் சமயத்துக்கும் அடுக்காது. அதற்காகச் செயலியைத் துறந்து பழைய பேரத்துக்குத் திரும்பச் சொல்வதும் நியாயமில்லை. அங்கே நசுங்கியவர்களும் எளியவர்கள்தான். இரவிலும் நம்பி நிற்கக்கூடிய பேருந்தும், காலத்துக்கேற்பத் திருத்தப்படும் ஆட்டோக் கட்டணமும் இருந்தால் இந்தச் சுமை இருவர் தோளிலிருந்தும் இறங்கும். அதை அரசிடம் கேட்போம். அதுவரை, வண்டி பாதி தூரம் வந்தபின் ரத்து செய்யாதிருங்கள். எங்கே போகவேண்டும் என்று ஓட்டுநர் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள்.