நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய லெமன் பாம் புதினாக் குடும்பத்துச் செடி. இலையைக் கசக்கினால் தேசிக்காய் மணம் கமழும். தேனீக்கள் நாடுவதால், கிரேக்க மொழியில் தேனீயைக் குறிக்கும் ‘மெலிசா’ என்ற பெயரும் இதற்குண்டு. பாரிஸ் நகரக் கார்மேல் சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டில் இதிலிருந்து மருந்துநீர் காய்ச்சி வடித்தனர்.

வீட்டுத் தோட்டத்தில் இதன் விதையை இட்டுவிட்டு ஏமாறுவோர் உண்டு. காரணம் அசட்டையன்று, அக்கறையே! அவரை விதையைப் போலக் குழிதோண்டிப் புதைத்து, தடிப்பாக மண் மூடி, தாராளமாக நீர் வார்க்கின்றனர். இவ்விதையோ ஒரு கிராமில் 1,000க்கு மேல் அடங்கும் அளவுக்குச் சிறியது. முளைப்பதற்கு ஒளியை வேண்டுவது. ஈர மண்ணின்மேல் தூவி, மெல்ல அழுத்தி, சட்டியின் அடியிலிருந்து நீர் ஊறவிட்டால், 2 அல்லது 3 வாரங்களில் முளை காட்டும்.

இங்கே ஓர் அறநெறிக் கேள்வி எழுகின்றது. “நன்மையே செய்ய நினைத்தேன்” என்பது நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமா? அறியாது செய்தவனை மன்னிக்கலாம். அறிய முயலாதவனை? பிள்ளையைக் காப்பதாக எண்ணி அதன் வெளிச்சத்தை மறைக்கும் பெற்றோர் அன்பில் குறைந்தவரல்லர். அந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று கேட்க மறந்தவர்கள்.

அவரைக்கு மண் போர்வை, மெலிசாவுக்கு ஒளி. இரண்டுக்கும் ஒன்றையே செய்வது நீதிபோலத் தோன்றலாம். ஆனால் அதில் ஒன்று மடிந்துபோகும். அன்பு செய்யப்படுபவரை அறிந்துகொள்வதும் அன்பின் கடமையே. ஆகவே, மண்ணை அள்ளி மூடுமுன் சற்றே சிந்திப்போம்.