செக்ரோலில் அடங்காத இரக்கம்

ஜொகூர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று செக்ரோலில் பதிந்து, அதற்கேற்பக் கூலியைக் கணக்கிடுகிறோம். அப்பழக்கத்தால் கடவுளையும் ஒரு பெரிய கிராணியாராகவே எண்ணிவிடுகிறோம். இத்தனை செபத்திற்கு இத்தனை அருள் என்று கூட்டிக் கழிக்கிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை இக்கணக்கைக் கலைக்கிறது. திராட்சத் தோட்டத்திற்கு விடியலில் வந்தவருக்கும், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில் வந்தவருக்கும் ஒரே நாட்கூலி! முன்வந்தோர் முணுமுணுக்கின்றனர். அவர்தம் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. பிறர் பெற்றதையே அவர்களால் பொறுக்க இயலவில்லை. கடவுளின் இரக்கம் நீதியைக் குறைப்பதன்று. நீதிக்கு மேலும் தருவது. எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் சொல்லொன்று, கருப்பை எனும் சொல்லோடு வேர்த்தொடர்பு உடையது. தாய் தன் பிள்ளைக்குக் கணக்கெழுதிப் பாலூட்டுவதுண்டோ?

அவ்விரக்கத்தைப் பெற்றவன் பிறர்க்கு இரங்கவேண்டும் என்பதே கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நாடி. இது மனிதரால் ஆகுமோ என்பார்க்கு, சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்த லெனார்ட் வில்சன் சான்றாவார். 1943 அக்டோபரில் ஜப்பானியக் கெம்பித்தாய் அவரைச் சிறையிட்டுக் கொடிதாய் வதைத்தது. அடித்தவர்களை, ஒருகாலத்தில் பெற்றோர் கொஞ்சிய குழந்தைகளாக அவர் மனக்கண்ணில் கண்டார், வெறுக்க இயலவில்லை. போருக்குப்பின் அவர்களுள் ஒருவர் கிறிஸ்தவராகி, அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார்.

நிற்க. அதே போர்க்காலத்தில், 1942-43இல், சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் எண்ணிறந்தோர். அவர்களுக்காக நாம் 'மன்னித்தோம்' எனக் கூறலாமோ? கூடாது. வில்சன் மன்னித்தது தம் உடம்பில் விழுந்த அடியை. பிறர்க்குச் சேரவேண்டிய கடனை நாம் தள்ளுபடி செய்தால், அதற்கு இரக்கம் என்று பெயரில்லை. அவர் மன்னித்தும், கெம்பித்தாயினர் மீது 1946இல் சிங்கப்பூரில் விசாரணை நடக்கவே செய்தது.

நம் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு முதியவளின் வேலைநாள் நம் கவனக்குறைவால் செக்ரோலில் விடுபட்டது. அவள் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாளே அந்நாளைச் சேர்த்தெழுதி, இரக்கம் காட்டியதாக நாம் மகிழ்ந்தோம். என்னே நம் அறியாமை! நாம் செய்தது கடன் தீர்த்தல். இரக்கம் காட்டியவள் அவளே.

அன்பர்களே! வஞ்சிக்கப்பட்டவனிடம் 'பொறுத்துக்கொள், கடவுள் இரங்குவார்' என்று போதித்துவிட்டு அவன் கூலியைப் பிடித்துவைப்போர், கடவுளின் பெயரைக் களவாடுகின்றனர். கொடுக்கவேண்டியதை முதலில் கொடுத்துத் தீர்ப்போம். நமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கும்போதே இரக்கம் தொடங்குகிறது.