பசி போனால் ஆசை போனதாகுமா?

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கியவர் இரண்டு மூன்று மாதத்தில் இளைத்துப்போனால், நம் வீடுகளில் பெரும்பாலும் அது நல்ல செய்தியாகத்தான் பேசப்படுகிறது. பக்தி மிகுந்த குடும்பமென்றால் பாராட்டு இன்னொரு படி ஏறும். சாப்பாட்டின் மேலிருந்த பற்று விட்டது, மனம் பக்குவப்படுகிறது என்பார்கள். உணவில் நாட்டம் குறைவது ஆன்மிக வளர்ச்சி என்ற எண்ணம் நம் சமயங்கள் பலவற்றில் ஏதோ ஒரு வடிவில் ஊறியிருக்கிறது. அதனால் இதை மருத்துவரின் அறைக்குள் மட்டும் முடிகிற விஷயமாக விட்டுவிட முடியாது. மாத்திரை பசியை அணைத்துவிட்டால் அங்கே ஆசை வெல்லப்பட்டதா? இல்லை என்பதே என் பதில். அதோடு நிற்காமல், அந்தப் பசியின்மை நீடித்தால் குணமாகவேண்டிய மனத்தையே அது கெடுக்கும் என்றும் சொல்வேன்.

நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில், நம் உடலில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருப்பது மூளையில் அல்ல, குடலில். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் அதன் வகை மருந்துகளும் செரட்டோனினின் போக்கை மாற்றுபவை. ஆகவே மனம் தெளிவதற்கு முன்பே வயிறு புரளத் தொடங்குகிறது. குமட்டலும் உணவில் வெறுப்பும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். நெடுநாள் எடுக்கும்போது எடை கூடுவதுதான் வழக்கமான புகார். ஆனால் முன்பே மெலிந்தவருக்கும், வயதானவருக்கும், நோயினாலேயே சோற்றைத் தள்ளிவைத்திருந்தவருக்கும் அந்தச் சில வாரங்கள் ஆபத்தானவை. புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் கதை இதைவிடத் தெளிவானது. 1985இல் அனுமதி பெற்ற அது, அளவுமீறி உண்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகளுக்கு வலிப்பை உண்டாக்கியதால் மறு ஆண்டே விலக்கப்பட்டு, அளவு குறைக்கப்பட்டு 1989இல் திரும்பி வந்தது. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்றும் அதைக் கொடுக்கக் கூடாது. அதே புப்ரோபியான் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்துடன் சேர்ந்து 2014இல் எடை குறைக்கும் மாத்திரையாக அனுமதி பெற்றது. ஒருவருக்குத் தீங்காகவும் மற்றொருவருக்குச் சிகிச்சையாகவும் இருப்பது ஒரே வேதிப்பொருள். அதில் புண்ணியம் எங்கே இருக்கிறது? ஏகாதசியன்று பட்டினி கிடப்பவருக்குப் பசி இருக்கிறது. இருப்பதைத்தான் அவர் விட்டுக்கொடுக்கிறார். பசியே எழாதவரிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அவர் எதையும் துறக்கவில்லை, அவரிடமிருந்து ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது.

மனம் தேறினால் போதும், உடம்பு கொஞ்சம் வற்றினால் என்ன என்ற கணக்கும் தவறு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடலும் மனமும் நன்றாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைவயிறு உண்டார்கள். அவர்களின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு சோர்வும் எரிச்சலும் வந்தன. பேச்சு குறைந்தது, பழகியவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எந்நேரமும் உணவையே நினைத்தார்கள். அவர்களுக்கு மனநோய் எதுவும் முன்பு இல்லை. மருந்து எதைத் தீர்க்க வந்ததோ அதை உடல் மெலிவு மட்டுமே உண்டாக்கிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. உடலை வாட்டினால் மனம் தெளியாது என்பதைக் கௌதம புத்தர் தம் உடம்பிலேயே கண்டறிந்தவர். ஆண்டுக்கணக்கில் உடலை ஒடுக்கியும் ஞானம் கிட்டாதபோது சுஜாதை என்ற பெண் தந்த பாற்சோற்றை அவர் உண்டார். மன உறுதி தளர்ந்துவிட்டார் என்று எண்ணி உடன் தவமிருந்த ஐவரும் விலகிப்போனார்கள். உடம்பை இழுக்கென்று ஒரு காலத்தில் எண்ணியதையும், இறைவன் அதற்குள்ளேயே இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் வெளிப்படையாகவே சொல்கிறார். வள்ளலாரோ பசியை அவிப்பதையே வழிபாடாக்கி 1867இல் வடலூரில் தருமசாலை திறந்தார்.

மனச்சோர்வு உயிரையே எடுக்கும், அதன் முன்னால் நாலு கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கலாம். இதுதான் வலுவான மறுப்பு, இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். எடை குறைகிறதென்று மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துவது பெரும் ஆபத்து. தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். ஆனால் உயிரா எடையா என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அளவை மாற்றலாம், உணவுக்குப் பின் எடுக்கலாம், மிர்ட்டாசபின் போலப் பசியைத் தூண்டும் மருந்துக்கு மாறலாம். மருத்துவரிடம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் இவை நடக்கும். இளைத்ததைப் பாராட்டும் வீட்டில் யார் சொல்வார்? சோர்வே எடையைக் குறைக்குமே, மருந்தின் மேல் ஏன் பழி என்பாரும் உண்டு. அதனால்தான் மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடையைக் குறித்துவைக்க வேண்டும். முகம் தெளிந்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் மருந்தை ஐயப்படலாம். காசநோய், நீரிழிவு, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 விழுக்காடு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இழந்தால், காரணம் தேடவேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான அளவுகோல்.

உணவை முற்றும் துறந்து உயிர் நீப்பதை உயர்ந்த நிலையாகப் போற்றும் சமண மரபு என் வாதத்துக்கு எதிர்ச்சான்று இல்லையா? சல்லேகனை எனப்படும் அந்த நோன்பின் விதிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தீராத நோய், முதுமை, பஞ்சம் போன்ற தவிர்க்க முடியாத நிலைகளுக்கே அது உரியது. சாவை விரும்பி மேற்கொள்வது குற்றமென்று சமண நூல்களே விலக்குகின்றன. வாழ்வு கசந்து சோற்றைத் தள்ளுபவர் அந்த விதியின்படியே தகுதியற்றவர். ரமலான் நோன்பில் நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. பின்னொரு நாளில் நோற்கலாம், முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். கத்தோலிக்கரிடத்தில் நோன்புக் கடமை 59 வயதோடு முடிகிறது. விரதத்தைக் கடுமையாகப் பேணும் மரபுகளே இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, மனச்சோர்வு மருந்து எடுப்பவரை விரத நாளில் தட்டின் முன் உட்காரவைப்பதற்குக் குடும்பப் பெரியவர்கள் தயங்கவேண்டியதில்லை. அவர் இளைத்திருப்பதைக் கண்டால் வாழ்த்தாமல், சாப்பிடப் பிடிக்கிறதா, எத்தனை நாளாக இப்படி என்று கேட்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பதிலும் எடைக் குறிப்பும் கூடப் போகட்டும்.