ஒன்றாம் தேதி

ஒன்றாம் தேதி வந்தால் சம்பளம் வந்துவிடும். அந்த நிம்மதியை விட்டுத்தான் மூன்று வருடத்துக்கு முன் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இப்போது கோவையில் சிறு கடைகளுக்கும் பம்ப் பட்டறைகளுக்கும் விளம்பரம் எழுதித் தருகிறேன். அவர்களுடைய இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பக்கங்களையும் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் மூன்றரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது வாசலில் நிற்கிறேன். தண்ணீர் குடித்தாளா, பாட்டிலை அப்படியே கொண்டுவந்தாளா என்பது அவள் பையை வாங்கும்போதே கைக்குத் தெரிந்துவிடுகிறது. வேலையில் இருந்தவரை இதெல்லாம் என் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

ஆனால் வேலையை விடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நம் 12 சதவீதத்தோடு முதலாளி போட்ட 12 சதவீதமும் நின்றுபோகும். 26 வாரச் சம்பளத்தோடு கிடைக்கும் பேறுகால விடுப்பும் இனி இல்லை. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிடுங்கள். காத்திருப்புக் காலம் அன்றே ஓடத் தொடங்கும்.

முதல் வருடம் ஒரு நிறுவனம் ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்தடித்தது. அந்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம் என்பதும், பதிந்திருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு பில்லிலும் என் பெயருக்குக் கீழே அந்தப் பதிவு எண் இருக்கிறது. பாதி முன்பணம் வராமல் லேப்டாப்பைத் திறப்பதில்லை.