மதுரைக் காலும் நமது கடமையும்

கீழவாஞ்சூர் போன்றதொரு சிற்றூரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸாத் தொழுது, நல்லடக்கம் செய்வது ஊரார் அனைவர் மீதும் கடமையாகிறது. சிலர் முன்வந்து செய்துவிட்டால் எஞ்சியோரின் பொறுப்பு நீங்கிவிடும். ஒருவருமே செய்யாவிடில் ஊர் முழுவதும் குற்றத்திற்குள்ளாகும். இதனையே ‘பர்ளு கிஃபாயா’ என்கிறோம். மருத்துவக் கல்வியையும் இவ்வகையிலேயே சேர்த்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். மையித்துக்குச் செய்யும் கடமையை மறவாத நாம், நோயாளிக்குச் செய்யவேண்டியதை எண்ணிப் பார்த்தோமா?

கீழவாஞ்சூரிலிருந்து மதுரை வரை வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவர் எத்தனை பேர்! பாதத்தில் தைத்த முள்ளின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சை உட்புகுந்துவிடுவதுண்டு. பெரிய வலியின்றியே ஆண்டுக்கணக்கில் பாதம் வீங்கி, புண்துளைகளின் வழியே குருணை குருணையாகச் சீழ் வடியும். எலும்பை அரித்தபின் காலையே எடுத்துவிட நேர்வதும் உண்டு. 1842-இல் மதுரையில் ஜான் கில் என்னும் மருத்துவர் இந்நோயைக் குறித்துவைத்தார்; ‘மதுரைக் கால்’ என்றே உலகம் அதற்குப் பெயரிட்டது. 1860-இல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர், பூஞ்சையே காரணம் என்றுரைத்தார். ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான்! இரு மருந்துகளை முறைப்படி ஒப்பிடும் முதல் ஆய்வு, 2017-இல் சூடான் நாட்டுக் கார்த்தூமில் தொடங்கிற்று. 2023-இல் மூண்ட போர் அந்த ஆய்வு மையத்தையும் அழித்தது.

தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு உலகம் செலவிடும் பணத்தில், பூஞ்சை நோய்கள் அனைத்திற்கும் சேர்த்துக் கிடைப்பது 100-க்கு 1½-க்கும் குறைவு என 2022-இல் அந்நிறுவனமே கூறியது.

இருப்பது குறைந்த பணம். மிகுதியாக உயிர்குடிக்கும் காசநோய்க்கு முதலிடம் தருவதே நீதி என்பர். அதனை நாமும் மறுக்கவில்லை. ஆனால் முதலிடம் ஒன்றுக்கு என்றால், மற்றொன்றுக்கு இடமே இல்லை என்பது பொருளாகுமா? மதுரைக் காலால் வாடுவோர் எத்தனை பேர் என்று எண்ணியவர்தாம் எவர்? கணக்கில்லாததால் பணமில்லை, பணமில்லாததால் கணக்கில்லை. இந்தச் சுழலில் அகப்பட்டிருப்பது ஏழையின் கால்.

ஆற்றலுள்ளோர் மீதே இக்கடமையின் பளு மிகுதி. அரசுகளும் மருந்து நிறுவனங்களும் முதலில் பதில் சொல்லவேண்டும். எனினும் நாமும் தப்பமுடியாது. மருத்துவமனைக் கட்டடம் எழுப்பித்தரும் நம் செல்வர்கள், பூஞ்சையை இனங்காணும் ஓர் ஆய்வுக்கூடத்திற்கும், அத்துறையைக் கற்கும் ஓர் ஏழை மாணவருக்கும் வழங்கலாகாதா? அதுவும் ஸதக்கத்துல் ஜாரியாவே.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்துள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடாதிருந்தது யார் குற்றம்? ‘வேறு எவரேனும் செய்வார்’ என்று எல்லோரும் இருந்துவிட்டால், மறுமையில் அக்கேள்வி நம் எல்லோரையும் நோக்கியே வரும். சிந்திப்போமாக!