கோவாவின் இடிந்த கோவிலில் ஓர் இராணி



ஈரோட்டில் இரயிலேறிக் கோவாவுக்கு யாத்திரை போய் வருகிறவர்கள் நம் பங்கில் உண்டு. அர்ச். சவேரியாருடைய திருச்சரீரம் இருக்கும் போம் ஜேசு பசிலிக்காவைச் சந்தித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கடற்கரையும் பார்த்துத் திரும்பிவிடுகிறீர்கள். பசிலிக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு குன்றின்மேல் பாதி உடைந்த கோபுரம் நிற்கிறது. "அது இடிந்த கோவில்தானே, சாமி" என்பீர்கள். இடிந்ததுதான். ஆனாலும் அங்கே போங்கள்.

பழைய கோவா இருப்பது ஒரு தீவில். மாண்டவி, சுவாரி என்னும் நதிகளும் ஒரு கால்வாயும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. அங்கே அர்ச். அகுஸ்தினார் சபைச் சந்நியாசிகள் 1602ல் கட்டி முடித்த வரப்பிரசாத மாதா கோவில் அது. செம்புரைக் கல்லால் எழுப்பிய அந்தக் கோபுரத்தின் உயரம் சுமார் 150 அடி. 1835ல் போர்த்துக்கீசிய அரசாங்கம் சந்நியாசிகளை வெளியேற்றியது. கவனிக்க ஆளில்லாத கோவில் என்னவாகும்? 1842ல் வளைவுக் கூரை விழுந்தது. 1931ல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. மணி மட்டும் தப்பியது. அது இப்போது பணஜியில் அமலோற்பவ மாதா கோவிலில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது கல்லைப் பற்றியல்ல, ஒரு கைதியைப் பற்றி. ஜார்ஜியா தேசத்துக் கேத்தவான் இராணியைப் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஷிராஸ் நகரில் ஏறக்குறைய 10 வருஷம் சிறை வைத்திருந்தான். கிறிஸ்துவை மறுதலித்தால் உயிர் தப்பலாம். ஒரே ஒரு சொல் போதும்! அவள் சொல்லவில்லை. 1624ல் பழுக்கக் காய்ச்சிய குறடுகளால் வதைத்துக் கொன்றார்கள். அந்த ஊரிலிருந்த அகுஸ்தினார் சபைக் குருக்கள் அவளுடைய எலும்புகளை இரகசியமாக எடுத்துக் காத்து, 1627ல் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்து இந்தக் குன்றில் வைத்தார்கள்.

இதைக் கவனியுங்கள்: அவள் நம் உரோமைத் திருச்சபையைச் சேர்ந்தவளல்ல, ஜார்ஜிய ஆர்த்தோடக்ஸ் சபையைச் சேர்ந்தவள். அந்தக் குருக்கள் அதைப் பார்க்கவில்லை. வேதசாட்சியின் எலும்பென்று சுமந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேறு சபை என்பதற்காகத் துக்க வீட்டு வாசலைக்கூட மிதியாதவர்கள் நம்மிலே இல்லையா? பத்து வருஷச் சிறையிலும் அவள் சொல்லாத அந்தச் சொல்லை, ஞாயிறு காலையில் தறி ஓடுகிறதென்று பூசையை விடுகிற நாம், வாய் திறவாமலே சொல்லிவிடுகிறோம். பாவு அறுந்தால் உடனே முடிச்சுப் போடத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கூரை விழுந்தபின் அந்த எலும்புகளைப் பற்றி யாருக்கும் நிச்சயமில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில், இந்தியத் தொல்லியல் துறையினர் இடிபாட்டைத் தோண்டியபோது ஒரு நீண்ட கையெலும்பு கிடைத்தது. ஐதராபாத் விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்து, அது இந்த இராணியுடையதாகவே இருக்கக்கூடும் என்றார்கள். 2021 ஜூலையில் நம் அரசாங்கம் அந்த அருளிக்கத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கே கொடுத்தது. போய் 400 வருஷம் ஆகப் போகிற சமயத்தில் இராணி வீடு சேர்ந்தாள்.

ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலும் இப்படித்தான். 563ல் அர்ச். கொலும்பா போய் இறங்கிய அந்த இடத்தில், கடற்கொள்ளையர் 806ல் 68 பேரைக் கொன்றார்கள். அங்கே போகிறவர்கள் இடிந்த சுவர்களுக்கு நடுவே மெதுவாக நடக்கிறார்களாம். நம்மவர்களோ கோவாக் குன்றின் சுவர்மேல் ஏறி நின்று செல்பி எடுக்கிறார்கள். ஆணியால் பெயர் கீறுகிறவர்களும் உண்டு. அது கல்லறைத் தோட்டமல்லவா?

அடுத்த முறை போகிறவர்கள் சவேரியாரைச் சந்தித்தபின் குன்றுக்கும் ஏறுங்கள். வெயிலுக்கு முன்னே, காலையிலே போவது நல்லது. தரையில் பதித்திருக்கும் கற்களில் பல கல்லறைக் கற்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்து ஓரமாக நடத்திச் செல்லுங்கள். இராணிக்காகவும், அவளைச் சுமந்துவந்த குருக்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சொல்லுங்கள்.