பிறர் ஹயாத்தும் நமது கணக்கும்

சென்ற ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளருகே ஒரு சகோதரர் நம்மைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், வாப்பாவுக்கு வயது 91. மூன்று வருஷமாகப் படுக்கை. நீண்ட ஹயாத்துக்கு துஆச் செய்ய நாவு எழவில்லை. மௌத்து சீக்கிரம் வந்தால் தேவலை என்று மனம் நினைத்துவிடுகிறது. இது குற்றமா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பிரான்சு தேசத்து மூதாட்டி ஒருவரின் செய்திதான் முதலில் ஞாபகம் வந்தது.

ஆர்ல் நகரில் 1875-ல் பிறந்த ழான் கால்மான் என்ற அம்மையார் 1997-ல் தமது 122-வது வயதில் காலமானார். ஆவணங்களால் நிரூபிக்கப்பட்ட மனித ஆயுளில் இதற்கு மேல் இன்றுவரை இல்லை. (இதில் ஆள்மாறாட்டம் உண்டென்று ரஷிய ஆய்வாளர் சிலர் 2018-ல் சொன்னார்கள், ஆயுள் ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.) மகளை 1934-லும், ஒரே பேரனை 1963-லும் இழந்து தனித்துப் போனவர் அவர். 1965-ல், 90 வயதில், தம் வீட்டை 47 வயது நோட்டரி ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். அம்மையார் உயிரோடிருக்கும் வரை மாதம் 2500 பிராங்க் கொடுத்துவர வேண்டும். இறந்ததும் வீடு அவருக்கு. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வியாபாரம்தான். வாங்கியவர் முப்பது வருடம் கட்டினார். வீட்டு விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, 1995-ல் 77 வயதில் அவரே இறந்துபோனார். மீதியை அவர் மனைவி கட்டினார்.

படிப்பவர் சிரிப்பர், நாமும் சிரித்தோம். மொத்த விலையே தெரியாத இவ்வியாபாரம் ஷரீஅத்தில் செல்லாது என்பது எளிய மஸ்அலா. நம்மை உறுத்தியது வேறு. மாதாமாதம் பணத்தை எண்ணி வைக்கும்போது அம்மனிதரின் கல்பில் என்ன ஓடியிருக்கும்? அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் இன்னொருவரின் மூச்சு தமக்கு நஷ்டம் என்ற இடத்தில் தம்மைத் தாமே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்.

உடலின் தளர்ச்சியோ யார் கையிலும் இல்லை. 1961-ல் ஹேஃப்ளிக் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மனித செல்கள் சுமார் ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் சிறிது தேய்கிறது. முதுமைக்கு இது ஒன்றே காரணமன்று என்றாலும் காரணங்களில் ஒன்று. ஓயாமல் பிரிந்துகொண்டே போகும் செல்லும் உண்டு, அதுதான் புற்றுநோய். 1951-ல் அந்நோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் வளர்கின்றன. "இன்னும் போகாமல் கிடக்கிறாரே" என்று கிழவரின் பிடிவாதம்போலப் பேசும் பேச்சு நம் வீடுகளிலும் கேட்பதால் இவ்வளவும் சொன்னோம்.

மௌத்தை ஆசைப்படுவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். தாங்க முடியாதவருக்கு, வாழ்வு நலமாயிருக்கும் வரை வாழ்வையும், மௌத்து நலமானால் மௌத்தையும் கேட்கக் கற்றுத் தந்தார்கள். தள்ளாத முதுமையை விட்டும் பாதுகாவல் தேடினார்கள். அந்த துஆ ஒருவர் தமக்காகக் கேட்பது. வாப்பாவுக்காக அவ்வாறே கேட்பதிலும் நாம் தவறு காணவில்லை. வேதனையைக் கண்டு இரங்கும் நெஞ்சு குற்றவாளியன்று.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டோம்: "வாப்பா பேரில் வீடு, நிலம் உண்டா?" தலை குனிந்தார். எப்படிப் பிரிப்பதென்று மச்சான் போன மாதமே வீட்டை டேப் பிடித்து அளந்தாராம், வாப்பா படுத்திருக்கும் அறையையும் சேர்த்து. வாப்பா கண் விழித்தே இருந்தாராம்.

உயிரோடிருப்பவருக்கு வாரிசுதாரர் எவருமில்லை; ஃபராயிள் பங்கு மௌத்துக்குப் பிறகே பிறக்கிறது. அந்த அளவுச் சீட்டை முதலில் கிழித்துப் போடும்படி சொன்னோம். துஆவைப் பற்றி அஸருக்குப் பின் பேசலாம் என்றோம். அஸருக்கு அவர் வரவில்லை. வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதாக அவர் மகன் வந்து சொன்னான்.